இரண்டு நாற்காலி ஆட்டம்

தாயம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தோற்பது கட்டை சரியாக விழாததால் இல்லை, அவசரத்தால். ஓடுகிற ஒரே காயை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், இன்னும் இறங்காத காய்களை மறந்துவிடுவார்கள். நீங்கள் அப்படி ஆடுகிறவர் இல்லை என்று தெரிகிறது, மேடம். நான் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், டீயும் வரவழைத்துவிட்டீர்கள். நானும் ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து சொல்கிறேன். எழுதுகிற அந்தப் பெண்ணுக்கு வேகம் அதிகமாக இருந்தால் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

என் பெயர் மைதிலி. நாற்பதை ஒட்டிய வயது. அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தொழில், விளையாட்டு வடிவமைப்பு. பலகையில் ஆடுவதும் செய்திருக்கிறேன், போனில் ஆடுவதும் செய்திருக்கிறேன். அது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. கீழ்வீட்டு அம்மா நான் பொம்மைக்கடைக்குச் சரக்கு எடுக்கிறவள் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சேலத்தில் படித்து முடித்ததும் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். போன் விளையாட்டு. ஆடுகிறவர் எப்போது சலித்துப்போய் எழுந்திருப்பார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அங்கே என் வேலை. அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன வெற்றியைக் கொடுத்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவார். பந்தியில் இலையை மடிக்கப் போகிறவருக்குப் பாயசம் ஊற்றுவது மாதிரிதான். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன்.

அங்கே இருக்கும்போதுதான் அம்மா இறந்தார். எனக்கும் அவருக்கும் சண்டையெல்லாம் கிடையாது. பேசுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பெங்களூருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. அங்கேயும் யாரும் காத்திருக்கவில்லை.

சொந்தமாகச் செய்த முதல் விளையாட்டுக்கு 'முட்டை லாரி' என்று பெயர் வைத்தேன். நாமக்கல்லில் முட்டை ஏற்றி கல்கத்தா வரைக்கும் உடையாமல் கொண்டுபோக வேண்டும். பஞ்சர், செக்போஸ்ட், மழை, டிரைவரின் தூக்கம் எல்லாம் அட்டைகளாக வரும். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் டீ நேரத்தில் பலகையை விரித்து ஆடிப் பார்க்கச் சொல்வேன். ஒரு டிரைவர் ஒரு சுற்று மரியாதைக்கு ஆடிவிட்டு, "ஏனுங் மேடம், வண்டியேறினா ஓட்டறது பத்தாதுன்னு எறங்கியும் ஓட்டோணுமாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விற்காத பெட்டிகள் இன்னும் என் படுக்கையறைச் சுவரை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டு நாற்காலிப் பழக்கம் அப்போது வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், நடந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. ஆடிப் பார்க்க ஆள் கிடைக்காத வடிவமைப்பாளர் எல்லாப் பக்கத்தையும் தானே ஆடுவார். எங்கள் தொழிலில் இது சாதாரணம். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடினால் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் நான் ஒவ்வொரு முறைக்கும் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போவேன். அங்கே உட்கார்ந்ததும் இந்தப் பக்கத்துக்காரி என்ன திட்டம் போட்டாள் என்பதை மறந்துவிட வேண்டும். பழகினால் முடியும். நான் வருடக்கணக்காகப் பழகியவள்.

கிருத்திகா வந்த பிறகு எதிர் நாற்காலி அவளுடையதாயிற்று. பரமத்தி வேலூர்ப் பக்கம் ஊர். அப்பா சென்னியப்பனுக்குத் தோட்டம், கோழிப்பண்ணை. ஒரே பெண். படம் வரைவாள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள் அவள்தான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பலகையைக் கலைத்துவிட்டுச் சிரிப்பாள். அவள் இருந்த நாட்களில் வீட்டில் சத்தம் இருந்தது, கீழ்வீட்டு அம்மாகூட ஒருநாள் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேருமாகப் போனில் தாயம் செய்தோம். தூரத்தில் இருப்பவர்கள் ஒரே பலகையில் ஆடலாம். ஆடிப் பார்க்கக் கிடைத்த மூன்றாவது ஆள் கிருத்திகாவின் அம்மா உஷாராணி. கட்டை உருள்கிற சத்தம் பொய்யாக இருக்கிறது என்றார். அவர் வீட்டுப் பித்தளைக் கட்டையையே உருட்டி ஒலிப்பதிவு செய்து சேர்த்தோம். முதல் முறை என்னிடம் போனில் பேசியபோது, "சாப்ட்டியா அம்மிணி?" என்று ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு போய்ச் சோறு வடித்தேன்.

ஜெனிஷை உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்திருப்பவர் அவர்தான். சூரமங்கலத்துப் பையன். அப்பா சவரியார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற குடும்பம். கிருத்திகா அவரைக் கட்டிக்கொள்ளப் போவதை என்னிடம் முதல் நாள்தான் சொன்னாள். மறுநாள் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கோபமில்லை. ஜெனிஷுக்கு வேலை ஓசூரில் என்பதால் அவள் ஓசூருக்குப் போனாள். எதிர் நாற்காலியில் அவள் போட்டிருந்த துண்டை நான் எடுக்கவில்லை.

சென்னியப்பன் பெண்ணைத் தலைமுழுகினார். அதோடு விடவில்லை. குலதெய்வம் கோயிலுக்கு உஷாராணி அம்மாவைக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவளோடு பேச மாட்டேன், அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று. அந்தப் பக்கத்தில் கற்பூரம் அணைத்தால் அணைத்ததுதான் மேடம். கோர்ட்டில் சொன்ன சாட்சியைக்கூட மாற்றிச் சொல்வார்கள், அதை மாற்ற மாட்டார்கள்.

சில நாள் கழித்து, கணவர் பண்ணைக்குப் போயிருந்த ஒரு மதியத்தில் உஷாராணி அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். "அம்மிணி, பேச மாட்டேன்னு சொன்னேன். பாக்க மாட்டேன்னு சொன்னேன். தாயம் ஆட மாட்டேன்னு நாஞ் சொல்லலியே. ஆடினாச் சாமி குத்தம் ஆவுமா?" என்று கேட்டார். ஆகாது என்று சாமியின் சார்பில் நான் பதில் சொன்னேன்.

அவர்கள் இருவருக்கு மட்டும் போன் தாயத்தில் தனியாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். எழுதுவதும் பேச்சில் சேர்த்திதான் என்று உஷாராணி அம்மா நினைத்தார். அடுத்தவர் எழுதி வைத்ததை அழுத்தினால் சேராது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். அதனால் பொத்தான்கள் மட்டும் வைத்தேன். 'ஆடலாமா கண்ணு', 'சாப்ட்டியா', 'வெட்டிட்டேன்', 'நல்லா இரு' இப்படி. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம். அந்தத் தாய்க்கும் பெண்ணுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவர்கள் ஆடுவது என் கணினி வழியாகத்தான் போகும். அதனால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கிருத்திகா ஈவிரக்கமில்லாமல் வெட்டுவாள். உஷாராணி அம்மா பெண்ணின் காயை வெட்ட வாய்ப்பு வந்தால் பார்க்காதது மாதிரி வேறு காயை நகர்த்துவார். நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல.

ஐப்பசியில் ஒருநாள் ஓசூரில் மழையால் இணைப்பு அறுந்துவிட்டது. உஷாராணி அம்மா மேசையில் காத்திருந்தார். 'ஆடலாமா கண்ணு' என்று அழுத்தினார், மறுபடி அழுத்தினார். அந்தப் பொத்தான் அத்தனை முறை வந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிருத்திகாவின் இடத்தில் நான் இறங்கி ஆடினேன். அவள் மாதிரியே வெட்டினேன். ஆட்டம் முடிந்ததும் அவர் 'நல்லா இரு' என்று அழுத்தினார். மறுநாள் கிருத்திகாவிடம் இதைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா என்றாள். இதுவரைக்கும் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் உஷாராணி அம்மா இன்னொரு பொத்தான் கேட்டார். 'ஊட்டுக்கு வா'. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வைத்துக் கொடுத்தேன். அதை அவர் அழுத்தியதும் கிருத்திகா பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டாள். எந்த முகத்தோடு வரச் சொல்கிறார்கள், ஜெனிஷை விட்டுவிட்டா என்று என்னிடம் கத்தினாள். ஒரு வாரம் மேசைக்கே வரவில்லை. அந்தப் பக்கம் உஷாராணி அம்மா என்னைக் கூப்பிட்டு அழுதார். பெற்ற மனம் பித்து என்பார்களே, அன்றுதான் அதை நேரில் கேட்டேன்.

ஆட்டம் கசந்தால் ஆள் எழுந்து போவார். இது எனக்குத் தெரிந்த தொழில். அவர்களை நேருக்கு நேர் விட்டால் ஒருவரையொருவர் காயப்படுத்தி, கடைசியில் இருவருமே போனை மூடி வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் கம்பியை நடுவில் துண்டித்தேன். உஷாராணி அம்மா ஆடுவது என்னிடம் வரும், கிருத்திகா ஆடுவதும் என்னிடம் வரும். மேசையின் இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். இந்த நாற்காலியில் நான் பெண், அந்த நாற்காலியில் நான் அம்மா. 'ஊட்டுக்கு வா' என்று வந்தால் கிருத்திகாவாக நான் 'சரிம்மா' என்று அழுத்துவேன். அந்தப் பொத்தானை அன்று காலையில்தான் சேர்த்திருந்தேன். துண்டித்ததை இந்த முறை கிருத்திகாவிடம் சொல்லவில்லை.

இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். அம்மா மாறிவிட்டார், இப்போதெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை என்று கிருத்திகா சொன்னாள். பிள்ளைக்குக் கோபம் போய்விட்டது என்று உஷாராணி அம்மா சொன்னார். எனக்கும் அதுவரை வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலம் இருந்ததில்லை. தனிமை என்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மதியம் மூன்று மணிக்கு ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மாதங்களில் எனக்கு அது கேட்கவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் கிருத்திகா மாசமாக இருப்பதாகச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லுங்கள் அக்கா என்றாள். சொல்கிறேன் என்றேன். யோசித்துப் பார்த்தேன். தெரிந்தால் உஷாராணி அம்மா கற்பூரத்தையும் மறந்து, கணவரையும் மறந்து கிளம்பிவிடுவார். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அவர்கள் வழக்கம். ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவும் பெண்ணும் எதற்குப் போனில் தாயம் ஆட வேண்டும்? மேசைக்கு வேலை இருக்காது. அதனால் சொல்லவில்லை. கிருத்திகாவிடம், அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஆனால் அப்பா விடமாட்டேன் என்கிறார், குழந்தை பிறந்ததும் வருவார்கள் என்று சொன்னேன். அன்று மதியம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாகச் சேர்த்த 'பத்திரமா இரு கண்ணு' என்ற பொத்தானை அழுத்தினேன். அவள் பதிலுக்கு எதையும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அழுதாள். நல்ல அழுகைதான்.

இனி நீங்கள் கேட்க நினைக்கிற இடத்துக்கு வருகிறேன்.

எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை என்றாள். தலைவலி நிற்கவில்லை, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய தேதி அடுத்த வாரம். ஜெனிஷ் உடனே போகலாம் என்கிறார், மாமியார் செல்வமேரியும் போனில் அதையே சொல்கிறார், ஆனால் அவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்கள் என்றாள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கக்கா. அம்மா சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? மாசமாக இருப்பதே அவருக்குத் தெரியாதே. எனக்குப் பிள்ளை பெற்ற அனுபவமும் இல்லை. ஆனால் எழுந்திருக்கப் போகிற ஆளைப் பயம் நீக்கி உட்கார வைக்கத் தெரியும். அரைமணி நேரம் விட்டுக் கூப்பிட்டேன். உடனே கூப்பிட்டிருந்தால் கேட்டேனா என்று சந்தேகம் வரும். அம்மாவுக்கும் உன்னைச் சுமக்கும்போது அப்படித்தான் இருந்ததாம், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார்கள், பயப்பட ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன்.

அவள் குரல் லேசாகிவிட்டது. அம்மா சொல்லிவிட்டார், அடுத்த வாரம் போனால் போதும் என்று ஜெனிஷிடம் சொல்லியிருக்கிறாள். அன்று மதியம் நன்றாக ஆடினாள். என்னுடைய இரண்டு காய்களை வெட்டினாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்ற முடிந்தது. அவளை முடியவில்லை. தாமதமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னதாக ஜெனிஷ் சொன்னார்.

அவளைச் சூரமங்கலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். செல்வமேரி அம்மா குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை. ஜெனிஷ் என்னிடம் வந்து, அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். வருகிறார்களா என்றார். தலைமுழுகியதோடு சரி, யாரும் வரமாட்டார்களாம் என்றேன். உயிரோடிருக்கும்போது வராதவர்கள் இனி குழந்தையையும் பார்க்க வரக்கூடாது என்று சவரியார்தான் சொன்னார். அந்த வீட்டிலிருந்து பரமத்தி வேலூருக்குச் செய்தி போகாததற்கு அதுதான் காரணம். தலைமுழுகிய வீட்டில் போய்ப் பெண்ணைப் பற்றிப் பேச அந்த ஊர்ச் சொந்தக்காரர்களுக்கும் தைரியம் இல்லை.

மண் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது கைப்பையில் போன் அடித்தது. 'ஆடலாமா கண்ணு.' வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, கிருத்திகாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினேன். அன்று ஆடாமலிருந்தால் அம்மா பயந்துபோயிருப்பார். அம்மாவின் நாற்காலிக்கு இனி வேலையில்லை என்பதால் அதைச் சுவர் ஓரமாக நகர்த்திவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆடினோம். அம்மாவும் நானும். நடுநடுவே போனில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். நன்றாக இருக்கிறாள், மாப்பிள்ளைக்குத்தான் உங்கள் பக்கத்து ஆட்கள் வந்தால் பிடிக்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்பேன். அந்தப் பக்கமும் இப்படி ஒரு பொய் தேவைப்பட்டது. தீபாவளிக்கு ஒரு டின் நிறைய முறுக்கும் ஒரு சேலையும் என் விலாசத்துக்கு பஸ்ஸில் போட்டுவிட்டார், அவளிடம் சேர்த்துவிடச் சொல்லி. முறுக்கு கொஞ்சம் காரமாக இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. சேலை மாம்பழ நிறம். கட்டிக்கொண்டுதான் அன்று ஆடினேன். 'சாப்ட்டியா' என்று அழுத்தினார். 'சாப்ட்டேம்மா' என்று அழுத்தினேன். அது பொய்யில்லை.

மனிதர்கள் மாறுவார்கள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வடிவமைப்பில் நான் செய்த பிழை அது. போன மாதம் சென்னியப்பனுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தார். படுக்கையில் இருந்தபடியே பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பூசாரியை வரவழைத்து, அதே கோயிலில் மனைவி செய்த சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். உஷாராணி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது யோசித்திருப்பேன். சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று பெண்ணை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. ஓசூர் விலாசம் தெரியாததால் தேங்காய் பழத்தோடு சூரமங்கலத்துக்குப் போய்விட்டார்கள். செல்வமேரி அம்மா கதவைத் திறந்திருக்கிறார். இடுப்பில் குழந்தை. பின்னால் சுவரில் மாலை போட்ட படம்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். சென்னியப்பன் மாடிப்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உஷாராணி அம்மா மட்டும் உள்ளே வந்தார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கிருத்திகாவின் நாற்காலியில் உட்கார்ந்தார், அது யாருடையது என்று தெரியாமலே.

"எப்பத்துலிருந்து நீயி?" என்று கேட்டார்.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் ஒருநாள், அதன் பிறகு கார்த்திகையிலிருந்து தினமும் என்றேன். மறைக்க ஒன்றும் இல்லை. அவர் விரலால் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"காலு வீங்குதுன்னு கேட்டாளாமா. நாஞ் சொன்னேன்னு நீ சொன்னியாமா."

ஆமாம் என்றேன்.

"அவளுக்கு முன்னால எனக்கு ஒரு பையன் அம்மிணி. இப்புடித்தான் காலு வீங்குச்சு, தல வலிச்சுது, கண்ணு மங்குச்சு. ஜன்னி வந்து வகுத்துலயே போயிட்டான். நாம் பொழச்சதே பெரிய பாடு. அபசகுனம்னு அவகிட்ட நாங்க ஆரும் அதச் சொன்னதில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா சத்தியமாவது மண்ணாவதுன்னு ஓடியிருப்பேன். நானா இருந்து சொன்னியே, நானா இருந்து ஒரு நிமிசம் பயந்திருக்கக் கூடாதா?"

எனக்குத் தெரியாத தகவல் அது. ஆடுகிறவர்கள் சொல்லாததை வடிவமைத்தவள் எப்படித் தெரிந்துகொள்ள முடியும் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தன் போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். படியில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

இவ்வளவுதான் மேடம். ஜெனிஷ் புகாரில் எழுதியிருக்கிற எல்லாம் உண்மை. அவளுடைய அம்மா சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். அவள் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாள், இறந்தாள். இறந்ததை ஒரு வருடத்துக்கு மேல் அவள் அம்மாவிடமிருந்து மறைத்தேன். பேத்தி இருப்பதையும் மறைத்தேன். இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அது உங்கள் வேலை, நான் தலையிடவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அம்மாவின் அந்தப் போனை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை அணைத்துவிட வேண்டாம். கையில் இருக்கிற வரைக்கும் தினமும் சார்ஜ் மட்டும் போட்டு, சீக்கிரம் பரமத்தி வேலூருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அதை என் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், வருத்தத்தில் மனிதர்கள் எதையாவது மறப்பது சகஜம்தானே. மூன்று மணிக்கு அவர் தேடுவார். இப்போது கோபமாக இருக்கிறார், இருக்கட்டும். பெற்ற பிள்ளைமேல் ஒரு அம்மா எத்தனை நாளைக்குக் கோபமாக இருந்துவிட முடியும்?